அப்டேட்: கீழக்கரையிலிருந்து தாண்டிக்குடி வழியா கொடைக்கானல், பூம்பாறை போயிட்டு வந்தாச்சு

வாப்பா உம்மாவ கூட்டிக்கிட்டு பழைய சின்ன கார்ல கொடைக்கானல் போகணும், நம்ம கடற்கரைல மேடே கிடையாது, மலை இறக்கத்துல பிரேக் சூடாகுமானு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நல்லபடியா வந்து சேந்துட்டோம்.

பரமக்குடி, மதுரை, வத்தலகுண்டு வரைக்கும் நேர் ரோடுதான். அங்கேருந்து மெயின் காட் ரோட்டுல ஏறாம பட்டிவீரன்பட்டி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியா போங்கனு ஒரு அண்ணன் சொன்னாங்க, அதத்தான் செஞ்சோம். ரெண்டு பக்கமும் காப்பித் தோட்டம், மரத்துல சுத்தி ஏறுன மிளகுக்கொடி, வண்டியே இல்ல. ரோடு குறுகல், வளைவுல ஹாரன் அடிச்சே போங்க. ஊத்துங்கிற ஊர்ல மெயின் ரோட்டுல சேந்துரலாம்.

மறுநாள் பூம்பாறை, கொடைக்கானல தாண்டி இருக்குற மலை கிராமம். படிப்படியா பூண்டு வயல், நடுவுல குழந்தை வேலப்பர் கோயில். ஒரு வீட்டுக்குள்ள அடுப்புக்கு மேல பூண்ட கத்தை கத்தையா கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க, புகை ஏறி பழுப்பா இருந்துச்சு. வாப்பா அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க, நம்ம ஊர்ல கருவாடு காயப்போடுற மாதிரி இவங்களுக்கு இதுன்னாங்க. இந்த மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, ரெண்டு கிலோ வாங்கினோம்.

இறங்குறப்ப வேலை செஞ்ச யோசனை இதுதான்: ஏற எந்த கியரோ அதே கியர்ல இறங்கு, பிரேக்க விட்டு விட்டு அழுத்து. முழுக்க செகண்ட் கியர்தான், பிரேக் வாடையே வரல.

எதிர்பாக்காதது உம்மாவுக்கு வளைவுல வாந்தி வந்தது, முன் சீட்டுக்கு மாத்துனதும் சரியாயிருச்சு. கொடைக்கானலுக்குள்ள வண்டி போறதுக்கான இ-பாஸ (ஆன்லைன் அனுமதி) வீட்டுலயே போட்டுருங்க, பெட்ரோல கொடைக்கானல்லயே நிரப்பிக்கிட்டு பூம்பாறை பக்கம் போங்க.