வெட்டின காடு ஏன் ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறது?

மாங்குளத்தான்: ஒரே காலத்தில் வெட்டிக் கைவிட்ட இரண்டு துண்டு, ஒன்றில் பாலை, வீரை மரக் கன்றுகள் வந்துவிட்டன, தெருவுக்கு அங்கால் இன்னும் நாயுண்ணிப் பற்றைதான். மண் ஒன்றுதானே?

குளக்கட்டு: முதல் துண்டு பெருங்காட்டோடு ஒட்டியிருக்கும், பாருங்கள். பாலைப்பழத்தைக் கரடி, குரங்கு, பறவை தின்று கொட்டையை எச்சத்தோடு போடுகின்றன, நடுவே வெட்டவெளி கிடந்தால் குரங்கு இறங்கி வரத் தயங்கும். முதிரை விதைக்கு இறகு உண்டு, அது காற்றோடு போய்விடும்.

விடத்தல்: நெருப்பையும் சேருங்கள். அடிக்கட்டை துளிர்க்கும், ஆனால் வருடாவருடம் எரித்தால் கன்று நிற்காது, நாயுண்ணி மட்டும் திரும்பத் தழைக்கும் (சனியன்!). வாய்க்கால் கரை மருதையும் நாவலையும் வெட்டாமல் விட்டாலே குரங்குக்கும் பறவைக்கும் பாதை.

மாங்குளத்தான்: சரி, கரையில் நாலு நாவல் நிற்கிறது, அதை விட்டுவிடுகிறேன். நெருப்புக்குத்தான் பக்கத்துக் காணிக்காரரோடு கதைக்க வேணும்.