உபுண்டு 22.04-க்கு மாறியபின் எஃப்எஃப்எம்பெக் நிறுவ முடியவில்லை, "ஹெல்டு புரோக்கன் பேக்கேஜஸ்" பிழை

புதுப்பயனர்:
உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு மாறி ஒரு வாரம் ஆகிறது. மாறும்போது எஃப்எஃப்எம்பெக் (வீடியோ, ஆடியோ மாற்றும் கருவி) நீக்கப்பட்டுவிட்டது போலிருக்கிறது. நேற்று திரும்ப நிறுவப் போனால், அதற்குத் தேவையான லைப்ரரி லிப்ஏவிகோடெக்58-இன் 4.4.2 வெர்ஷன்தான் வேண்டும், ஆனால் 4.4.4 நிறுவப்பட இருக்கிறது என்று சொல்லிவிட்டு "ஹெல்டு புரோக்கன் பேக்கேஜஸ்" என்று நின்றுவிடுகிறது. நான் எதையும் ஹோல்டு செய்யவே (வெர்ஷன் மாறாமல் நிறுத்திவைக்கவே) இல்லை. பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கருவியில் அப்டேட், ஃபுல் அப்கிரேடு எல்லாம் ஓட்டியாயிற்று, புதுப்பிக்க எதுவும் இல்லை என்கிறது. சிஸ்டத்தை முதலிலிருந்து போட வேண்டியதுதானா?

கருந்திரை:
அந்தப் பிழைச் செய்தியை நம்பி ஹோல்டைத் தேடாதீர்கள், பல பேரைச் சுற்றலில் விட்ட வாசகம் அது. சந்தேகம் இருந்தால் ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு கொடுத்துப் பாருங்கள், காலியாகத்தான் வரும். "ஆப்ட் பாலிசி லிப்ஏவிகோடெக்58" என்ன காட்டுகிறது?

அவசரக்குடுக்கை:
ஆப்டுக்கு அடியில் இருக்கும் டிபிகேஜியில் ஃபோர்ஸ் ஆல் போட்டு வலுக்கட்டாயமாக நிறுவினால் வேலை முடிந்தது. நான் அப்படித்தான் செய்வேன்.

கருந்திரை:
தயவுசெய்து வேண்டாம். ஃபோர்ஸ் முரண்பாட்டைத் தீர்க்காது, கண்ணை மூடிக்கொண்டு மேலே போகும், அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு முறை ஆப்ட் ஓட்டும்போதும் அதே டிபென்டன்சி (சார்பு) சிக்கல் வந்து வழிமறிக்கும்.

புதுப்பயனர்:
நிறுவியிருப்பது 4.4.4, கேண்டிடேட்டும் (ஆப்ட் தேர்ந்தெடுக்கும் வெர்ஷனும்) அதேதான். அதற்கு முன்னுரிமை எண் 100 என்று போட்டு, பக்கத்தில் வார் லிப் டிபிகேஜி ஸ்டேட்டஸ் என்று மட்டும் இருக்கிறது. கீழே 4.4.2-க்கு 500, ஜாம்மி-அப்டேட்ஸ் (ஜாம்மி என்பது 22.04-இன் பெயர்). இப்போதுதான் ஞாபகம் வருகிறது, பழைய சிஸ்டத்தில் புது வீடியோ வசதிக்காக ஒரு பிபிஏ (தனிநபர் நடத்தும் வெளி ரெப்போ, அதாவது பேக்கேஜ் களஞ்சியம்) சேர்த்திருந்தேன்.

கருந்திரை:
அதுதான் விஷயம். ரிலீஸ் மாறும்போது வெளி ரெப்போக்களை அப்கிரேடர் முடக்கிவைக்கும், ஆனால் அங்கிருந்து ஏற்கெனவே வந்த பேக்கேஜ்களை எல்லாம் தேடிப் பிடித்து எடுக்காது. உங்கள் 4.4.4 இப்போது எந்த ரெப்போவிலும் இல்லாத அநாதை. இருந்தாலும் 4.4.2-ஐவிடப் பெரிய எண், முன்னுரிமை 1000-ஐ எட்டினாலொழிய ஆப்ட் தானாகக் கீழ் வெர்ஷனுக்கு இறங்காது. எஃப்எஃப்எம்பெக்கோ 4.4.2 லைப்ரரிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள்.

முதலில் ஆப்ட் லிஸ்ட் இன்ஸ்டால்டு கொடுத்து, அதில் "லோக்கல்" (எந்த ரெப்போவிலும் இல்லாதது) என்று குறித்திருப்பவற்றை கிரெப் கட்டளையால் வடிகட்டுங்கள். அதே பிபிஏவிலிருந்து லிப்ஏவியூட்டில்56, லிப்ஸ்வீரீசாம்பிள்3 என்று இன்னும் சில மாட்டும். அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் ஒவ்வொன்றாக இறக்கப் பார்த்தால் நகராது. எல்லாப் பெயரையும் ஒரே ஆப்ட் இன்ஸ்டால் கட்டளையில் கொடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் சாய்கோடு போட்டு ஜாம்மி-அப்டேட்ஸ் என்று சேர்த்துவிடுங்கள். நிஜமாக ஓட்டுவதற்கு முன் ஹைஃபன் எஸ் போட்டு ஒத்திகை பாருங்கள். நீக்கப்படும் பட்டியலில் டெஸ்க்டாப் பெயர் எதுவும் தென்பட்டால் அங்கேயே நிறுத்தி, அந்த வெளியீட்டை இங்கே போடுங்கள்.

பிபிஏ-பர்ஜ் என்று ஒரு கருவி இதையேதான் செய்யும். ரிலீஸ் மாறும் முன்னால் ஓட்டியிருந்தால் சுலபம், இப்போது பிபிஏ முடங்கிக் கிடப்பதால் கையால் செய்வதே மேல்.

வழிப்போக்கன்:
சின்ன இடைச்செருகல். "கெப்ட் பேக்" (இப்போதைக்குப் புதுப்பிக்காமல் விட்டது) என்று மட்டும் வந்தால் அது பெரும்பாலும் வேறு கதை. உபுண்டு சில அப்டேட்களைப் படிப்படியாகத்தான் திறந்துவிடும், உங்கள் முறை வரும்வரை சும்மா இருந்தால் போதும்.

புதுப்பயனர்:
ஒத்திகையில் 7 டவுன்கிரேடு, நீக்கம் 0. தைரியமாக ஓட்டினேன், எஃப்எஃப்எம்பெக்கும் ஏறிவிட்டது! லோக்கல் பட்டியலில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, நானே டெப் ஃபைலாக இறக்கிப் போட்ட பிரின்டர் டிரைவர். அதையும் எடுக்க வேண்டுமா?

கருந்திரை:
பிரின்ட் வருகிறதா? வந்தால் தொடாதீர்கள்.