ராஜ்மகால் மலைப் பணித்தளத்திலிருந்து பெற்றோர் ஊர் திரும்புகிறார்கள்: எதை முதலில் செய்வது?

நாசரேத்து மகள்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 64. ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓய்வுபெற்ற நர்ஸ். மூன்று வருஷமாக ஜார்கண்ட் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் மால்தோ மொழி பேசும் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியைத் தன்னார்வமாக நடத்தி வருகிறார்கள். மார்ச் 31-ஓடு பொறுப்பு முடிகிறது. அப்பாவுக்கு சுகர், இன்சுலின் போடுகிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. நாலு பெட்டி சாமான், நிறைய புத்தகம், ஜார்கண்ட் நம்பர் போட்ட ஒரு ஸ்கூட்டர் இருக்கின்றன. பக்கத்து ஸ்டேஷன் பர்ஹர்வா. அங்கிருந்து நாசரேத் வரை ரயிலில்தான் வருவார்கள். கூட்டிவர தம்பி போகிறான். டிக்கெட், சாமான், உடம்பு, ஒப்படைப்பு இவற்றில் எதை எப்போது தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

லூப் லைன்:
சகோதரி, மார்ச் 31 அன்றே ரயில் ஏற டிக்கெட் போடாதீர்கள். ஒப்படைப்பு எப்படியும் இழுக்கும். ஏப்ரல் 8 வாக்கில் வையுங்கள். இப்போது முன்பதிவு 60 நாளைக்குத்தான், பழைய 120 நாள் 2024 நவம்பரோடு போய்விட்டது. அதனால் பிப்ரவரி முதல் வாரக் கடைசியில் காலை 8 மணிக்கு உட்கார்ந்து போட வேண்டியிருக்கும். ஹோலிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம், சொந்த ஊருக்குப் போன தொழிலாளர்கள் தெற்கே திரும்பும் காலம். ஹவுரா - சென்னை வண்டிகள் அப்போது நிரம்பி வழியும். தட்கலை நம்பிப் பெரியவர்களைக் கிளப்ப வேண்டாம்.

டிக்கெட் போடும்போது பொது கோட்டாவை விட்டுவிட்டு லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன் கோட்டாவைத் தேர்ந்தெடுங்கள். 60 வயதான ஆணுக்கும் 45 வயதான பெண்ணுக்கும் அது உண்டு. ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் சேர்க்க முடியாது. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: துணைக்கு வரும் மகனையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்தக் கோட்டா கிடைக்காது, அம்மாவுக்கு மிடில் பெர்த் விழலாம். தம்பிக்குத் தனி டிக்கெட் போடுங்கள். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது, அதைக் கணக்கில் வைக்க வேண்டாம்.

பர்ஹர்வாவிலிருந்து ஹவுரா ஐந்தாறு மணி நேரம். அங்கே ஒரு நாள் தங்கட்டும். கிழக்கு ரயில்வே வண்டி தாமதமாகி அடுத்த வண்டியைத் தவறவிட்டால், இரண்டு டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்களையும் முன்பே இணைக்காமல் இருந்தால் பணம் திரும்பாது. ஹவுரா - சென்னை மெயில் 12839 ஹவுராவிலிருந்தே கிளம்பும். கோரமண்டல் 12841 இப்போது ஷாலிமாரிலிருந்து கிளம்புகிறது. ஹவுரா என்று நினைத்து அங்கே போய் நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கன்னியாகுமரிக்கு 12665 என்று வாரம் ஒருமுறை வண்டி உண்டு, இறங்கி ஏறும் வேலை குறையும். ஆனால் தொடர்ந்து இரண்டு இரவு உட்கார்ந்து படுத்து வரவேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்குச் சென்னையில் ஒரு நாள் இளைப்பாறி வருவதே நல்லது என்பது என் எண்ணம். சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன். எழும்பூர் - திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நாசரேத்திலேயே நிற்கும்.

சாமான் விஷயம். இரண்டாம் ஏசி என்றால் ஆளுக்கு 50 கிலோ இலவசம், மூன்றாம் ஏசி, ஸ்லீப்பர் என்றால் 40. மூன்றாம் ஏசியில் 40-க்கு மேல் பணம் கட்டினாலும் பெட்டிக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், டிரங்க் பெட்டி அளவும் 55 x 45 x 22.5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பெரிய தகர டிரங்கை அங்கேயே விட்டுவிடுங்கள். கூடுதல் எடையை முன்கூட்டியே பார்சல் ஆபீஸில் புக் செய்தால் ஒன்றரை மடங்கு, செய்யாமல் பிடிபட்டால் ஆறு மடங்கு. பர்ஹர்வாவில் வண்டி சில நிமிஷம்தான் நிற்கும். பிரேக் வேனில் (சாமான் ஏற்றும் பெட்டியில்) ஏற்ற நேரம் பத்தாது. ஹவுராவில் வண்டி மாற்றும்போது உடைசலும் அதிகம். அதனால் பாத்திரம், கட்டில், மெத்தை எதையும் தூக்கிவர வேண்டாம். புத்தகங்களை மட்டும் தடித்த பாலிதீனில் சுற்றி, ஒவ்வொரு அட்டைப்பெட்டியும் 15 கிலோ தாண்டாமல் கட்டித் தபால் பார்சலில் இரண்டு வாரம் முன்னதாகவே அனுப்புங்கள். அரிசிச் சாக்கில் கட்டினால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்துத்தான் வந்து சேரும்.

ஸ்கூட்டரை அங்கேயே விற்பதுதான் புத்தி. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, பெயர் மாறிய ஆர்.சி. நகலை வாங்கிக்கொண்ட பிறகே வண்டியேறச் சொல்லுங்கள். இல்லையென்றால் வேறு யாரோ செய்யும் விபத்துக்கு அப்பா பெயரில் சம்மன் வரும். இங்கே கொண்டுவருவதானால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று, இங்கே மறுபதிவு, சாலை வரி என்று மாதக்கணக்கில் அலைச்சல்.

பேரேடு:
டிக்கெட்டுக்கு முன்பே ஒப்படைப்பு தொடங்க வேண்டும் சகோதரி. தொண்ணூறு நாளுக்கு முன், அதாவது ஜனவரி முதலே.

பெரும்பாலும் சிக்கல் வருவது வங்கிக் கணக்கில்தான். விடுதிக் கணக்கில் கையெழுத்து அதிகாரம் அப்பாவிடம் இருந்தால், அதை மாற்ற நிர்வாகக் குழுவின் தீர்மான நகல், புதியவரின் அடையாள ஆவணங்கள், பழையவரின் கையெழுத்து எல்லாம் வேண்டும். கிராமக் கிளையில் இது நாலைந்து வாரம் ஆகும். ஆள் ஊருக்கு வந்தபின் கணக்கு முடங்கினால், பிள்ளைகளின் அரிசிக்குப் பணம் எடுக்க முடியாது. 'கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கொடுத்துவிட்டு வருகிறேன்' என்று நல்ல மனசோடு சொல்வார்கள். அதை மட்டும் செய்ய விடாதீர்கள்.

மார்ச் 15-க்குப் பிறகு ரொக்கத்தைப் புதியவர் கையாளட்டும், அப்பா பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். ரொக்கப் புத்தகத்தை ஒரு தேதியில் முடித்து, கையிருப்பை இருவரும் எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஸ்டாக் புத்தகத்தில் தட்டு, போர்வை, கொசுவலை, சோலார் பேட்டரி, தையல் இயந்திரம் எல்லாம் எண்ணிக்கையோடு ஏறியிருக்க வேண்டும். சொந்தப் பணத்தில் வாங்கி விடுதியில் வைத்திருப்பதை 'நன்கொடை' என்று எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. கடைக்காரர் பாக்கி, சமையல் ஆளின் முன்பணம் இவை வாய்க்கணக்காகவே இருக்கும். அவற்றையும் எழுத்தில் கொண்டுவாருங்கள்.

ரொக்கத்தைவிட முக்கியமானது பிள்ளைகளின் விவரம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் போதும். எந்த ஊர், கூட்டிப்போக யாருக்கு அனுமதி, எத்தனை முறை மலேரியா வந்தது, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, தடுப்பூசி அட்டை எங்கே, எந்தப் பாடத்தில் தடுமாறுகிறது. மூன்று வருஷம் அம்மா மனசில் வைத்திருந்ததைத் தாளில் இறக்காமல் வந்தால், அடுத்த காய்ச்சலின்போது அந்தப் பிள்ளைக்குத்தான் கஷ்டம். நர்ஸாக இருந்தவர்கள் இதை அழகாகச் செய்வார்கள்.

பிரிவு உபசாரத்தில் கேட்பார்கள், 'எப்போ திரும்பி வருவீங்க?' என்று. உறுதியில்லாத தேதியைச் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளைகள் நாள் எண்ணிக்கொண்டிருக்கும்.

கேஸ் இணைப்பு அவர்கள் பெயரில் இருந்தால், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சரும் வைப்புத்தொகையும் வாங்கிக்கொள்ளட்டும். காலி சிலிண்டரைக்கூட ரயிலில் கொண்டுவர முடியாது.

காய்ச்சல் வார்டு:
உடம்பு விஷயத்தில் இரண்டு பேச்சு. ஒன்று பயணம், இன்னொன்று வந்தபின்.

பயணத்தில் இன்சுலின் கைப்பையில் இருக்கட்டும், சூட்கேஸில் வேண்டாம். பயன்பாட்டில் உள்ள குப்பி 30 டிகிரிக்குள் ஏறத்தாழ நாலு வாரம் தாங்கும். ஏப்ரல் பிளாட்பாரத்தில் அந்தச் சூடு தாண்டிவிடும். அதனால் நனைத்த துணிப்பையில் வையுங்கள். ஐஸ் கட்டி மேல் நேராக வைத்தால் உறைந்து வீணாகும். உறைந்த இன்சுலினை உருக்கிப் போடக் கூடாது. ரயிலில் சாப்பாடு தாமதமாகும், ஆகவே வேளைச் சாப்பாடு கைக்கு வந்தபிறகே ஊசி. சர்க்கரைப் பொட்டலமும் குளுக்கோமீட்டரும் பெர்த்திலேயே இருக்கட்டும். அம்மா இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து பெட்டி நீளத்துக்கு நடக்க வேண்டும். அவசரத்துக்கு ரயில்வே உதவி எண் 139.

வந்தபின் வரும் காய்ச்சலில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. சாகிப்கஞ்ச், பாகூர், கோடா, தும்கா இந்த நாலு மாவட்டமும் மலேரியாவோடு, மணல் ஈயால் பரவும் காலா அசார் என்ற காய்ச்சல் நோயும் உள்ள பகுதி. நம்ம பக்கத்து டாக்டருக்கு 'காய்ச்சல்' என்றதும் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல்தான் ஞாபகம் வரும். அதனால் அடுத்த ஒரு வருஷத்துக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் முதல் வாக்கியமாக 'ஜார்கண்டில் மூன்று வருஷம் இருந்தோம்' என்று சொல்லி, அன்றைக்கே மலேரியா ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் தூங்கிக் கிடந்து மாதங்கள் கழித்துத் திரும்பும். அதை ஒழிக்க பிரிமாகுவின் மாத்திரையை 14 நாள் முழுசாகச் சாப்பிட வேண்டும். முன்பு மலேரியா வந்தபோது இந்த 14 நாளை முடித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள், பலர் மூன்று நாளில் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார்கள். பிரிமாகுவினுக்கு முன் ஜி6பிடி (ரத்த அணுக்களைக் காக்கும் ஒரு நொதி) பரிசோதனை அவசியம், குறைபாடு இருந்தால் ரத்த அணுக்கள் உடையும்.

இரண்டு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடாமல், பசியின்றி எடை குறைந்து, இடப்பக்க விலாவுக்குக் கீழே வயிறு கனத்தால் அது காலா அசாராக இருக்கலாம். மணல் ஈ கடித்து இரண்டிலிருந்து ஆறு மாதத்தில், சிலருக்கு அதற்கும் பிந்தி வெளிப்படும். ஆர்.கே.39 என்ற விரைவுப் பரிசோதனை உண்டு. குணமாகும் நோய்தான், ஆனால் கண்டுபிடிக்காமல் விட்டால் உயிர் போகும்.

கிளம்பும் முன் அங்குள்ள மருத்துவரிடம் ஒரு பக்கச் சுருக்கம் வாங்குங்கள்: நோய்கள், மருந்தின் மூலப்பெயர், அளவு, கடைசி ரத்தப் பரிசோதனை. கம்பெனிப் பெயர் மட்டும் எழுதினால் அதே மாத்திரை இங்கே வேறு பெயரில் இருக்கும், இரட்டிப்பாகச் சாப்பிட்டுவிடுவார்கள். மாத்திரை ஒரு மாதத்துக்கு மிகுதியாக வைத்திருக்கட்டும்.

நாசரேத்து மகள்:
மிக்க நன்றி. தம்பிக்குத் தனி டிக்கெட் என்பது தெரியாமல் இருந்தேன். பிரிமாகுவின் பற்றி இன்றே கேட்கிறேன். இன்னொன்று: வந்த முதல் ஞாயிறே சபையில் சாட்சி சொல்லவும், அடுத்த வாரம் பக்கத்துச் சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தில்) பேசவும் அழைப்பு வந்திருக்கிறது. ஒத்துக்கொள்ளலாமா?

தேரிமணல்:
முதல் ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கை படைத்து ஜெபிக்கச் சொல்லுங்கள், அவ்வளவு போதும். பேச்சைக் குறைந்தது ஒரு மாதம் தள்ளுங்கள். சேகரகுருவிடம் பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஐயா அம்மாவுக்குத் தர்மசங்கடம் இருக்காது.

பேசும்போது பத்து நிமிஷம், ஐந்தாறு படம். பிள்ளைகளின் முகம் தெரியும் படம், பெயர், ஊர் இவற்றைத் திரையிலும் வாட்ஸ்அப்பிலும் போட வேண்டாம். 'காட்டுமிராண்டியாக இருந்தார்கள், நாங்கள் போய் மாற்றினோம்' என்ற தொனி வேண்டவே வேண்டாம். மால்தோ நம் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. அங்கே 'ஏன்' என்றால் நான், 'நீன்' என்றால் நீ. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் ராஜ்மகால் மொழி என்று மால்தோவையும் திராவிட மொழியாகச் சேர்த்திருக்கிறார். மிஷனெரி துரோசே 1884-லேயே மால்தோவுக்கு இலக்கண நூல் எழுதினார். இதைச் சொல்லித் தொடங்கினால் நம் சபையார் அந்த மக்களைச் சொந்தக்காரர்களாகப் பார்ப்பார்கள்.

வீடு மூன்று வருஷம் பூட்டிக் கிடந்திருக்கிறது அல்லவா? அவர்கள் வருவதற்குப் பத்து நாள் முன்பே மேல் தொட்டியைக் கழுவி, மோட்டாரை ஓட்டிப் பார்த்து, வயரிங்கில் எலி கடித்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மின்கட்டண, வீட்டுவரி பாக்கியையும் கட்டிவிடுங்கள். மேற்கத்தியக் கழிப்பறை இல்லையென்றால் அம்மா வரும்முன் போட்டுவிடுங்கள், கைப்பிடியோடு. ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றை ஜீவன் பிரமான் செயலியில் முகம் காட்டியே முடிக்கலாம். ஆதாரில் ஜார்கண்ட் முகவரி போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், ரேஷன் கார்டும் மற்றதும் அதைத்தான் பிடித்துத் தொங்கும்.

வந்தபின் ஒன்றிரண்டு மாதம் அதிகாலை நாலரைக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார்கள், விடுதி மணி பழக்கம். அறுபது பிள்ளைச் சத்தத்துக்குப் பழகியவர்களுக்கு வீடு வெறிச்சோடித் தெரியும். 'அதான் வந்தாச்சே, ரெஸ்ட் எடுங்க' என்று உட்கார வைத்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று வைத்துப் பிள்ளைகளோடு போனில் பேசட்டும், சனிக்கிழமை மாலை வசதி. விடுதி நிர்வாகம் பற்றிப் புதியவர்கள் கேட்டால் மட்டும் பதில் சொல்லட்டும். தாங்களாகப் போன் போட்டு 'பருப்பு எவ்வளவு போட்டீங்க' என்று விசாரித்தால் அங்கே இருப்பவர்களுக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். இதை அப்பாவிடம் ரயில் ஏறும் முன்பே பேசிவிடுங்கள் சகோதரி, வந்தபின் சொன்னால் மனசு நோகும்.