வாலிபர் ஐக்கியத்துல பசங்க நிக்கணும்னா மேடையா, கூட நிக்கிற ஆளா?

மணிமுத்தாறு_தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நெல்லைப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைல டீனேஜ் பசங்க ஐக்கியத்த, அதாவது அவங்க கூடுத ஜெபக் கூட்டத்த, பாத்துக்கிட்டு இருக்கேன், எட்டாம் கிளாஸ்ல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும். விஷயம் என்னன்னா வருஷா வருஷம் மே மாசம் கேம்ப் போடுதோம், கடைசி ராத்திரி லைட்ட அணைச்சு கீபோர்டுல மெதுவா ஒரு பாட்ட ஓட விட்டு இயேசுவ ஏத்துக்கிட முன்னால வாங்கன்னு அழைப்பு குடுத்தா பாதிப் பேர் முன்னால வந்து முழங்கால் போட்டு அழுதான், ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் ஐக்கியத்துக்கு வாரது அஞ்சாறு பேர். இப்போ கமிட்டில புது சவுண்ட் சிஸ்டம், டிரம் பேட், வெளியூர் ஸ்பீக்கர்னு பெரிய பட்ஜெட் பேசுதாங்க. நான் சொல்லுதது, அதுல கால்வாசி காசு போதும், இருக்குற லீடர்ஸ் ஆளுக்கு நாலஞ்சு பசங்கள எடுத்துக்கிட்டு அவன் ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் கூடவே இருக்கணும். கிரவுண்டுக்கு போவணும், வீட்டுக்கு போவணும், அவன் பரிட்சை தேதி நமக்கு தெரிஞ்சிருக்கணும். அறிவுரைலாம் அப்புறம். உங்க சபைல எது நின்னுச்சு? சண்டை போட்டாலும் பரவால்ல.

கேம்ப்ஃபயர்_சென்னை:
பிரதர் சண்டைக்கே வந்துட்டேன் 😀 நான் ரட்சிக்கப்பட்டதே ஒன்பதாம் கிளாஸ் கேம்ப்ல தான், நீங்க சொல்ற அதே கடைசி ராத்திரில தான், இன்னைக்கு வரைக்கும் நிக்கிறேன். லைட்ட அணைக்கிறத கிண்டல் பண்றது இப்போ ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு. ஒரு விஷயம் யோசிங்க, என் கிளாஸ்ல நாப்பது பேர், கிறிஸ்டியன் நான் ஒருத்தன், டிபன் பாக்ஸ் தொறந்து கண்ண மூடி ஜெபிக்கவே கூச்சப்படுவேன், கேம்ப்ல போய் பாத்தா என் வயசுல இருநூறு பேர் கைய தூக்கி பாடுறான். அந்த தைரியத்த எந்த அண்ணனும் டீக்கடைல வெச்சு எனக்கு குடுத்திருக்க முடியாது. அப்புறம் பசங்க நாள் பூரா ஹெட்போன்ல நல்ல மியூசிக் கேக்குறான், நம்ம கிட்ட வந்தா மைக் கீச்சுங்குது, அவன் எப்படி உக்காருவான்? கேம்ப்ல குறை இல்ல. ஜூன் மாசம் அவனுக்கு யார் போன் பண்ணீங்க, அத சொல்லுங்க மொதல்ல.

மணிமுத்தாறு_தம்பி:
அண்ணே அந்த கடைசி வரியத்தான் நானும் கத்திக்கிட்டு இருக்கேன். போன் பண்ண ஆள் வேணும்லா? அதுக்கு கமிட்டில ஒருத்தனும் கைய தூக்கல, ஸ்பீக்கர் பாக்ஸுக்கு எல்லாரும் தூக்குதான்.

பழைய_பாமாலை:
தம்பிமார் ரெண்டு பேருக்கும் சமாதானம். நான் ஓய்வுநாள் பாடசாலை சூப்பரிண்டெண்டா இருந்து தலை நரைச்சவன், அதனால கொஞ்சம் கடுமையா சொன்னா பொறுத்துக்கோங்க. கூடவே இருப்பேன் கூடவே இருப்பேன்னு சொல்றீங்களே, கூட இருந்து என்னத்த சொல்லிக் குடுக்கப் போறீங்க? திடப்படுத்தலுக்கு, அதாவது முதல் திருவிருந்துக்கு முன்னாடி நடக்குற சடங்குக்கு, வர்ற பிள்ளைங்கள கேட்டுப் பாருங்க, விசுவாசப்பிரமாணத்த மூச்சு விடாம ஒப்பிக்கும், நடுவுல நிறுத்தி "பாதாளத்தில் இறங்கினார்"னா என்னம்மான்னு கேட்டா முழிக்கும். பத்துக் கட்டளைய வரிசையா சொல்லத் தெரியாது. 1780ல குளோஸ்டர்ல ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி நடத்தினப்போ வாரம் பூரா வேலை பாத்த ஏழைப் பிள்ளைங்களுக்கு அங்க வாசிக்கவே சொல்லிக் குடுத்தாங்க, அப்புறம் தான் வேதம் அவங்க கைல வந்துச்சு. இப்போ உள்ள லீடர் பசங்களோட கிரிக்கெட் ஆடுறான், பிரியாணி வாங்கிக் குடுக்குறான், பசங்க அவன் பின்னாலயே சுத்துறான், சரி, அவனுக்கு துபாய்ல வேலை கிடைச்சுப் போனதும் அந்த கேங்க் மொத்தமும் ஐக்கியத்த விட்டு மறைஞ்சு போகுது. எத்தனையோ சபைல பாத்தாச்சு. அவன் சேத்தது அவனுக்கு ரசிகர் மன்றம். நான் கேக்குறது, அவன் போன பிறகு அந்தப் பையன் கைல என்ன மிஞ்சுது?

கேம்ப்ஃபயர்_சென்னை:
ரசிகர் மன்றம் 🔥 ஐயா அடிச்சுட்டாரு

மணிமுத்தாறு_தம்பி:
அண்ணாச்சி துபாய் விஷயம் உண்மைதான், மறுக்கல. ஆனா படிப்பு மட்டும் குடுத்தா போதும்னா பசங்க ஏன் திடப்படுத்தல் முடிஞ்ச அடுத்த மாசமே காணாம போறான்? சர்டிபிகேட் வாங்குன மாதிரி, முதல் திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுத்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு, போயாச்சு. அமெரிக்காவுல டெக்சஸ்ல ஜிம் ரேபர்ன்னு ஒருத்தர், செமினரில படிச்சிட்டு இருந்தவர், கோயிலுக்கு வாரவன பாக்க நான் இருக்கேன், வராதவன நீ பாருன்னு அங்க உள்ள போதகர் சொல்லிட்டார், இவர் நேரா ஹைஸ்கூலுக்கு போய் பசங்க எங்க கூடுதானோ அங்க போய் நிக்க ஆரம்பிச்சார். அதுதான் 1941ல யங் லைஃப்னு அமைப்பா ஆச்சு, இன்னைக்கும் அவங்க சொல்லுதது, பசங்க காது குடுக்குற உரிமைய நீ மொதல்ல சம்பாதிக்கணும்னு. வேதத்துல பவுலும் தெசலோனிக்கேயருக்கு சுவிசேஷத்தோட எங்க ஜீவனையும் குடுக்க மனசா இருந்தோம்னு தானே எழுதுதார். பாடம் வேண்டாம்னு நான் சொல்லல அண்ணாச்சி. கேக்குற நிலைமைல அவன் இருக்கணும்லா.

பழைய_பாமாலை:
ரேபர்ன் ஸ்கூலுக்கு போனது எதுக்கு? பேசத்தான் போனார், வாரா வாரம் இயேசுவப் பத்தி பேசினார். நம்மாளு கிரவுண்டுக்கு போறான், பந்து பொறுக்கிட்டு வந்துடுறான். பேச வேண்டிய நாள் வர்றதே இல்ல, நட்பு கெட்டுப் போயிடுமோன்னு பயம்.

ரெண்டு_பிள்ளைக்கு_அம்மா:
நீங்க மூணு பேரும் பேசுறத படிச்சுட்டே வந்தேன், இதுல எங்கயுமே அப்பா அம்மான்னு ஒரு வார்த்தை வரல, கவனிச்சீங்களா? எனக்கு 14 வயசுல பொண்ணு, 16ல பையன். "ஆளுக்கு நாலஞ்சு பசங்கள எடுத்துக்கிட்டு"ன்னு எழுதிருக்கீங்க தம்பி, எடுத்துக்க நாங்க குடுத்தோமா? நல்ல மனசோட தான் சொல்றீங்க, புரியுது. ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு என் பொண்ணு போன்ல வாட்ஸ்அப் சத்தம் கேக்குது, யாருன்னு பாத்தா "யூத் லீடர் அண்ணா", "ஏன் சோகமா ஸ்டேட்டஸ் போட்டிருக்க"ன்னு கேக்குறாரு. அவர் நல்லவராவே இருக்கட்டும். எனக்கு எப்படித் தெரியும்? 2012 போக்சோ சட்டத்துல 18 வயசுக்கு கீழ எல்லாரும் குழந்தை தான், மத அமைப்புல பொறுப்புல இருக்குற ஆள் அங்க வர்ற பிள்ளைகிட்ட பாலியல் குற்றம் பண்ணா கடுமையான பிரிவுல வரும், தெரிஞ்சும் புகார் குடுக்காம சபை பேரு கெட்டுடும்னு மூடி மறைச்சா மறைச்சவங்களுக்கும் தண்டனை உண்டு. உங்க கமிட்டில எத்தனை பேருக்கு இது தெரியும், கேட்டுப் பாருங்க. சவுண்ட் சிஸ்டத்துக்கு மூணு கொட்டேஷன் வாங்குவாங்க, லீடரா போடுற ஆளப் பத்தி ஒருத்தர்கிட்ட விசாரிக்க மாட்டாங்க.

மணிமுத்தாறு_தம்பி:
அக்கா கோவம் நியாயம்தான். ஆனா எனக்கு ஒரு கஷ்டம் சொல்லுதேன். பத்தாங்கிளாஸ் பையன் ஒருத்தன், அப்பா குடிக்காரு, அத அவன் கூட்டத்துல வெச்சு சொல்ல மாட்டான், அவங்க அம்மா முன்னாலயும் சொல்ல மாட்டான், தனியா இருக்கும்போது தான் வாய தொறப்பான். கதவ தொறந்து வை, ரெண்டு பேர் இரு, பெத்தவங்களுக்கு சொல்லுன்னு ரூல் மேல ரூல் போட்டா அவன் யார்கிட்ட பேசுவான்?

ரெண்டு_பிள்ளைக்கு_அம்மா:
கோயில் வாசப்படில உக்காந்து பேசுங்க. கொயர் பிராக்டிஸ் நடக்குற நேரம், நாலு பேர் போறது வர்றது கண்ணுக்குத் தெரியுற இடம், ஆனா நீங்க பேசுறது யாருக்கும் கேக்காது. தனியா பேசணும்னா ரூம் வேணும்னு எவன் சொன்னான்? இன்னொன்னு, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு பிள்ளைகிட்ட வாக்கு குடுக்காதீங்க. ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் கொடுமைய சொல்லுச்சுன்னா சட்டப்படி நீங்க போலீஸ்ல சொல்லித்தான் ஆகணும், உடனே உதவிக்கு குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098 இருக்கு. அத மொதல்லயே பிள்ளைகிட்ட சொல்லிடுங்க, ஆபத்துன்னா நான் உதவி கூப்பிடுவேன்னு. பொம்பளப் பிள்ளைங்கள அக்காமார் பாக்கட்டும். ராத்திரி சாட் கிடையாது, மெசேஜ் எல்லாம் பெத்தவங்களும் இருக்குற குரூப்ல. இதுல மனசத் தொறக்காத பையன் வேற எதுலயும் தொறக்க மாட்டான்.

நான் காலேஜ்ல சோஷியாலஜி எடுத்தவ, அதனால இதையும் சொல்லிடுறேன். கிறிஸ்டியன் ஸ்மித் தலைமையில அமெரிக்காவுல 2002-2003ல 13ல இருந்து 17 வயசு வரைக்கும் 3,290 பிள்ளைங்ககிட்ட ஒரு பெரிய சர்வே எடுத்தாங்க, அதே பிள்ளைங்கள வருஷக்கணக்கா விடாம தொடர்ந்தாங்க. பிள்ளைங்களோட பக்திய தீர்மானிக்கிறதுல பெத்தவங்க தாக்கம் தான் மத்த எல்லாத்தையும் விட பெருசுன்னு வந்துச்சு. கேம்ப், லீடர் எல்லாம் அதுக்கு கீழ தான். பவுலோட ஊழியம் செஞ்ச தீமோத்தேயுவுக்கு கூட, பவுல் வர்றதுக்கு முன்னாடியே பாட்டி லோவிசாளும் அம்மா ஐனிக்கேயாளும் இருந்தாங்க. நீங்க பிள்ளைய பிடிக்கிறதுக்கு முன்னாடி எங்கள பிடிங்க.

பழைய_பாமாலை:
அம்மா சொல்றது சரி, ஆனா அதே பெத்தவங்க தான் ஞாயித்துக்கிழமை காலைல ஆராதனை நேரத்துல நீட் கோச்சிங் டெஸ்டுக்கு பைக்ல கொண்டு போய் விடுறாங்க. போதகர்கிட்ட "இந்த ஒரு வருஷம் மட்டும் ஐயரே"ம்பாங்க. பிள்ளை அதுலயே பாடம் படிச்சுக்கிடுது, எது முக்கியம்னு. குடும்ப ஜெபம் எத்தனை வீட்ல நடக்கு? எங்க காலத்துல ஒன்பது மணி ஆச்சுன்னா பாய விரிச்சு உக்காந்தாச்சு, தூங்கி விழுந்தாலும் சங்கீதம் ஒண்ணு வாசிச்சுட்டு தான் விழணும்.

ரெண்டு_பிள்ளைக்கு_அம்மா:
அனுப்புறோம் ஐயா, மறைக்கல. சீட் கிடைக்கலன்னா சபை ஃபீஸ் கட்டுமா? எங்க வீட்ல குடும்ப ஜெபம் இன்னும் நடக்கு, எட்டு நிமிஷம் தான் நடக்கு, பையன் வாசிப்பான், பொண்ணு ஜெபிப்பா. எங்க மேல குத்தம் சொல்லி முடிச்சுட்டா உங்க வேலை முடிஞ்சுடாது.

காலேஜ்_செகண்ட்_இயர்:
பெரியவங்க எல்லாரும் பேசிட்டீங்க, ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் இந்த "பசங்க" லிஸ்ட்ல இருந்தவ நான், கொஞ்சம் சொல்லவா. பத்தாவது படிக்கும்போது என் பெஸ்ட் ஃப்ரெண்ட் ஹிந்து, ரொம்ப நல்லவ, எனக்காக விரதம் இருந்து எங்க அம்மா ஆபரேஷனுக்கு வேண்டிக்கிட்டா, அவ நரகத்துக்கு போவாளான்னு கேம்ப்ல சீட்டு எழுதிப் போட்டேன். ஸ்பீக்கர் மேடைல அத வாசிச்சுட்டு "ஃப்ரெண்டு கவலைய விடு, உன் ஹோம்வொர்க் கவலைய பாரு"ன்னு ஜோக் அடிச்சார், எல்லாரும் சிரிச்சாங்க. எழுதுனது நான்னு யாருக்கும் தெரியாது, ஆனாலும் காது சூடாயிடுச்சு. அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்கவே இல்ல. எங்க சண்டே கிளாஸ் அக்கா தான் பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது "அந்த சீட்டு உன் கையெழுத்து தானே"ன்னு கேட்டாங்க. அவங்களும் பதில் சொல்லல, படிச்சுட்டு வர்றேன்னாங்க. அடுத்த வாரம் நோட்டுல எழுதிட்டு வந்தாங்க, வேதத்துல ரோமர் 2, பேதுரு யூதரல்லாத கொர்நேலியு வீட்டுக்கு போனது, எல்லாம். அந்த பதில் எனக்கு இன்னும் முழுசா ஒத்துவரல. ஆனா என் கேள்விக்காக ஒருத்தங்க ஒரு வாரம் உக்காந்து படிச்சிருக்காங்கல்ல, இன்னைக்கும் எதாவது குழம்புனா அவங்களுக்கு தான் போன்.

அதனால பாமாலை ஐயா, உங்க பாடமும் மணிமுத்தாறு அண்ணாவோட "கூட இருக்குறதும்" ரெண்டு கட்சியா எனக்கு தெரியல, அக்காகிட்ட ரெண்டும் ஒண்ணா தான் வந்துச்சு.

இன்னொன்னு. இந்த த்ரெட் பூரா கிரவுண்டு, கிரிக்கெட், டீக்கடை. நாங்க எங்க போறது? எங்க ஐக்கியத்துல லீடர்ஸ் எல்லாம் அண்ணாங்க, கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ்ல பொண்ணுங்க எட்டு மணிக்கு வீட்டுக்கு, பசங்க விடியுற வரைக்கும் சுத்துவாங்க, நாங்க கேக்கும் டீயும் எடுத்து வெக்கணும். இன்ஃப்ளுயன்ஸ்னா என்ன, அந்த டீ டிரேயா?

கேம்ப்ஃபயர்_சென்னை:
தங்கச்சி அந்த ஸ்பீக்கர் பண்ணது தப்பு, அதுல கேம்ப் காரனா நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா கேம்ப்ல சீட்டு போடச் சொன்னதால தான் அந்தக் கேள்வி வெளிய வந்துச்சு, அதையும் மறந்துடாதீங்க 🙂

பழைய_பாமாலை:
பாப்பா, அந்த அக்கா நோட்டு எழுதிட்டு வந்தாங்க பாரு, அதத்தான் நான் இவ்வளவு நேரம் தொண்டை வறள கேட்டுட்டு இருக்கேன். ஒண்ணு சேத்துக்கிடுதேன். 1881ல பிரான்சிஸ் கிளார்க்னு ஒரு போதகர் அமெரிக்காவுல மேய்ன் மாநிலம் போர்ட்லாண்ட்ல சி.இ. (கிறிஸ்டியன் எண்டெவர்) சங்கம் தொடங்கினப்போ இளம் பிள்ளைங்களுக்கு பிரசங்கம் பண்ணிட்டு விடல, ஆளுக்கு ஒரு பொறுப்பு, கூட்டத்துல எல்லாரும் வாய தொறந்து பங்கெடுக்கணும்னு உறுதிமொழி, கமிட்டி எல்லாம் அவங்களே. ஒய்.எம்.சி.ஏ. தொடங்கினப்போ ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு வயசு 22, லண்டன்ல துணிக்கடை வேலைக்காரர், வருஷம் 1844. நம்ம சபைகள்ல வாலிபர் சங்கத் தலைவருக்கு மக கல்யாணம் ஆயிருக்கும்.

மணிமுத்தாறு_தம்பி:
😂😂 அண்ணாச்சி எங்க சபைய எப்ப வந்து பாத்தீங்க. பொறுப்புன்னதும் ஒண்ணு சொல்லணும். எங்க கோயில்ல ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருத்தன், பாட்டும் பாட மாட்டான் ஜெபிக்கச் சொன்னா ஓடிருவான், சும்மா கடைசி பெஞ்சுல போன நோண்டிக்கிட்டு இருப்பான். சவுண்டு பாக்குற அண்ணன் கல்யாணத்துக்கு லீவு போட்டப்போ மிக்சர்ல ஆள் இல்ல, அவன உக்கார வெச்சோம். அடுத்த வாரம் நான் போறதுக்கு முன்னாடியே கோயில் தொறக்க, சாவி வெச்சிருக்குற உபதேசியார் (சபை ஊழியர்) வீட்டு வாசல்ல நிக்கான். ஒவ்வொரு சேனல் கீழயும் பிளாஸ்திரி ஒட்டி பேனால எழுதிருக்கான், "ஐயர் மைக்", "பீடம்", "கொயர் 1", "கொயர் 2 தொடாதே". பிரசங்கத்துல சத்தம் ஏத்தி இறக்கணும்லா, அதுனால ஒரு வார்த்தை விடாம கேக்கான். ரெண்டாம் மாசம் என்கிட்ட வந்து "அண்ணே ஐயர் போன வாரம் சொன்னதும் இந்த வாரம் சொன்னதும் ஒத்துப் போவலியே"ங்கான்!

கேம்ப்ஃபயர்_சென்னை:
பாத்தீங்களா!! சவுண்ட் சிஸ்டம் வேணும்ல!! 😀😀

மணிமுத்தாறு_தம்பி:
அய்யோ அண்ணே, அது எட்டு சேனல் பழைய மிக்சர், ரெண்டு சேனல் வேலை செய்யாது. அது போதும்.

பழைய_பாமாலை:
அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னீங்க தம்பி? அதச் சொல்லாம விட்டுட்டீங்களே.

மணிமுத்தாறு_தம்பி:
ஐயர்கிட்டயே கூட்டிட்டு போனேன். மனுஷன் சிரிச்சாரு, உக்கார வெச்சு நல்ல கிரியை வேணும்ங்குற யாக்கோபு நிருபத்தையும் விசுவாசத்தால தான் நீதிங்குற கலாத்தியரையும் ரெண்டையும் தொறந்து வெச்சு முக்கால் மணி நேரம் பேசுனாரு. எனக்கே பாதி புதுசு.

பழைய_பாமாலை:
நல்லது. அப்போ பட்ஜெட்ல லீடர்களுக்கு பாட வகுப்புன்னு ஒரு வரி போடச் சொல்லுங்க. அது இல்லாம "ஆளுக்கு நாலு பசங்க" திட்டத்துக்கு நான் எந்த சபைல இருந்தாலும் எதிர்த்துத்தான் ஓட்டு போடுவேன்.

ரெண்டு_பிள்ளைக்கு_அம்மா:
அந்த வரிக்கு மேல பிள்ளைப் பாதுகாப்பு விதின்னு ஒரு வரி போடுங்க, எழுத்துல, கையெழுத்தோட. அப்புறம் தம்பி, உங்க ஐக்கியம் எத்தனை மணிக்கு?

மணிமுத்தாறு_தம்பி:
சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கா.

ரெண்டு_பிள்ளைக்கு_அம்மா:
அத நாலு மணியாக்குங்க. இருட்டுறதுக்குள்ள முடிச்சா பொண்ணுங்கள அனுப்புவோம்.

மணிமுத்தாறு_தம்பி:
நாலு மணிக்கு கிரவுண்டுல மேட்ச் இருக்கும்க்கா, பசங்க வர மாட்டான்...

காலேஜ்_செகண்ட்_இயர்:
அண்ணா நான் மேல எழுதுனத இன்னொரு தடவ படிங்க.