விதானத்தின் அடியில்: ‘சரிவொழுக்கு’, ‘காவுகை’

காட்டுக்கு மேலே உயர்ந்து நிற்கும் கோபுரத்தில் ஒலிக் காற்றுமானியையும் அகச்சிவப்பு வாயுப் பகுப்பானையும் பொருத்தி, நொடிக்குப் பத்து அல்லது இருபது முறை காற்றின் செங்குத்து வேகத்தையும் கரியமிலவாயுவின் செறிவையும் அளந்து, அவை சேர்ந்து மாறும் அளவிலிருந்து காட்டின் வாயுப் பரிமாற்றத்தைக் கணிக்கும் முறைக்குச் ‘சுழல் உடன்மாறுபாடு’ (eddy covariance) என்ற சொல் பொருத்தமாகவே இருக்கிறது. விதானத்துக்கு, அதாவது மர உச்சிகளின் இலைக்கூரைக்கு, கீழே நடப்பதற்குத்தான் தமிழில் நம்மிடம் சொல் போதவில்லை.

அமெரிக்காவின் கொலராடோவில், ஏறத்தாழ 3,050 மீட்டர் உயரத்தில், நைவாட் ரிட்ஜ் என்னும் ஊசியிலைக் காட்டில் 1998 முதல் இத்தகைய அளவீடு நடந்துவருகிறது. தெளிந்த இரவுகளில் குளிர்ந்து கனத்த காற்று அடிமரங்களுக்கிடையே சரிவில் இறங்குகிறது. மண்ணும் வேர்களும் வெளிவிட்ட கரியமிலவாயுவில் ஒரு பங்கு, மேலேயுள்ள கருவியை எட்டாமலே அதனோடு போய்விடுகிறது. இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் இரவுச் சுவாசம் குறைவாகப் பதிவாகி, காடு உண்மையில் சேமிப்பதைவிட மிகுதியாகச் சேமிப்பதுபோலத் தோன்றும். உராய்வுத் திசைவேகம், அதாவது காற்றின் கலக்கம் எவ்வளவு வலுவானது என்பதைக் காட்டும் அளவு, வரம்புக்குக் கீழே போன அரைமணிப் பதிவுகளை நீக்கிவிட்டு, வெப்பநிலையைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்புவது வழக்கம்.

இந்த இறக்கத்தை ஆங்கிலத்தில் drainage flow என்பார்கள். அதை அப்படியே ‘வடிகால் காற்று’ என்று பெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. வடிகால் என்பது நீர் போகும் வாய்க்கால். இங்கே வாய்க்கால் எதுவும் இல்லை, சரிவின் மேல் காற்று படலமாக இறங்குகிறது. ‘சரிவொழுக்கு’ என்றால் இடமும் செயலும் ஒருங்கே விளங்கும்.

ஆனால் காற்று இறங்குவது வேறு, அது வாயுவைச் சுமந்து போவது வேறு. வழிநெடுகச் செறிவு ஒன்றாகவே இருந்தால், எவ்வளவு காற்று இறங்கினாலும் உள்ளே வந்ததும் வெளியே போனதும் சமமாகி நிகர இழப்பு சுழியாகிவிடும். செறிவு இடத்துக்கிடம் வேறுபட்டால்தான் வாயுப் பரிமாற்றக் கணக்கில் ஓர் உறுப்பு (term) கூடும். ஆங்கிலத்தில் advection எனப்படும் அந்த உறுப்புக்குக் ‘காவுகை’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். காவுதல் என்றால் சுமத்தல். காவடி என்ற சொல்லில் அது இன்றும் வாழ்கிறது.

இத்தாலியின் ரெனோன், ஜெர்மனியின் வெட்ஸ்டைன், சுவீடனின் நோருண்டா ஆகிய காடுகளில் 2005, 2006 ஆண்டுகளில் காவுகையை நேரடியாக அளக்க முயன்றபோது, கிடைத்திசை உறுப்பையும் செங்குத்து உறுப்பையும் தனித்தனியே கணக்கிட வேண்டியிருந்தது. ஆகவே ‘பக்கக்காவுகை’ என்று ஒரே சொல்லாகக் கட்டிவிடாமல், ‘கிடைக் காவுகை’, ‘செங்குத்துக் காவுகை’ என்று பிரித்தே வழங்குவது நல்லது. இலங்கைப் பாடநூல்களில் வெப்பச்சலனத்துக்கு ‘மேற்காவுகை’ என்ற சொல் நெடுநாளாக வழங்குவதால், செங்குத்து உறுப்பை அப்பெயரால் எவரும் சுருக்கிவிடக் கூடாது.