போனைப் பிடுங்கிப் பூட்டி வைத்துவிட்டேன்

பல்லடம் அம்மா:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். இந்த வருஷம் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடந்தது. பத்தாவது படிக்கிற என் பொண்ணு மூன்று மாசம் பழகி ஆடினாள். நடுவில் சேலைக் கொசுவத்தை மிதித்து விழுந்துவிட்டாள். உடனே எழுந்து, வரிசையோடு சேர்ந்து ஆடியும் முடித்தாள். ஆனால் யாரோ அவள் விழுந்த நாலு நொடியை மட்டும் வெட்டி, அவள் பேரிலேயே இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கிப் போட்டுவிட்டார்கள். கீழே அவள் உடம்பைப் பற்றி எழுதியிருந்ததை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

எனக்குத் தெரியவே பன்னிரண்டு நாள் ஆனது. ராத்திரியில் போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரியும். படிக்காமல் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். புதுசாக வந்த கமெண்டை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். சோறு வைத்தால், "பசிக்கலீங்மா" என்பாள்.

விஷயம் தெரிந்ததும் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்கு முன்னாடி என் தம்பி, "இந்தக் கருமம் எதுக்குங்க்கா" என்று அவளுக்கு வந்த மெசேஜை எல்லாம் அழித்துவிட்டான். யார் அனுப்பினார்கள் என்று காட்ட இருந்த சாட்சியும் அதோடு போச்சு. அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் கழித்து, "சொன்னா போன் போயிரும்னுதான் சொல்லலீங்மா" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

கோபி டீச்சர்:
அக்கா, போலிக் கணக்கு இன்னும் இருக்கிறதா பாருங்க. இருந்தால் கணக்கின் பேர், லிங்க், தேதி எல்லாம் தெரிகிற மாதிரி முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. ரிப்போர்ட் அடிப்பது அப்புறம்தான். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் புகாருக்கு என்றே தனிப் பிரிவு உண்டு, வீட்டிலிருந்தே பதியலாம். 1930 முக்கியமாகப் பணம் பறிபோனால் கூப்பிடுகிற எண். குழந்தைக்கு உதவி என்றால் 1098.

என் வகுப்பிலும் ஒரு பையன் முகத்தை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிச் சுற்ற விட்டார்கள். செய்தவர்கள் அவனோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். கேட்டால், "சும்மா ஜாலிக்குத்தானுங் மிஸ்" என்றார்கள். அவனோ நாலு நாளாகப் பள்ளிக்கே வரவில்லை.

பெருந்துறை தம்பி:
நான் பதினொன்றாவது படிக்கும்போது, கேம் விளையாடுகிற குழுவில் என் திக்குவாயை ரெக்கார்டு பண்ணிப் பரப்பினார்கள். பிளாக் பண்ணினால் தெரிந்துபோய், மறுநாள் பஸ்ஸில் அதற்கும் சேர்த்துக் கிண்டல் பண்ணுவார்கள். இன்ஸ்டாவில் ரெஸ்ட்ரிக்ட் என்று ஒன்று இருக்குங்க. கிண்டல் பண்ணுகிறவனை அப்படிப் பண்ணினால், நம் போஸ்ட்டில் அவன் போடுகிற கமெண்ட் அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், நாம் ரெஸ்ட்ரிக்ட் பண்ணியது அவனுக்குத் தெரியாது. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. போனை அவளிடமே கொடுத்துடுங்க அக்கா.

பல்லடம் அம்மா:
நேற்று ராத்திரி பீரோவைத் திறந்து போனை அவள் கையில் கொடுத்தேன். கணக்கு அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பதினேழு ஸ்கிரீன்ஷாட், எல்லாம் அவளே எடுத்தாள். மூன்றாவது எடுக்கும்போது கை நடுங்கியது, பிடித்துக்கொண்டேன். புகாரும் பதிந்தாயிற்று. அப்புறம், "தோசை ஊத்தித் தர்றீங்ளாம்மா" என்று கேட்டாள். மணி பதினொன்றரை.