ஆர்சனலின் பழைய ஹைபரி மைதானம் தொடர்மாடியாக மாறியது ஏன்?

நாவாந்துறைப் பெடியன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் நாவாந்துறையில் பின்னேரங்களில் சின்னப் பெடியளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். எல்லோரும் பத்து, பன்னிரண்டு வயதுக்காரர். போன கிழமை ஒருவன் தன் சித்தப்பா லண்டனிலிருந்து அனுப்பிய படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். சுற்றிவர உயரமான கட்டடம், வரிசை வரிசையாக ஜன்னல்கள், நடுவில் செடிகள் நட்ட பூங்கா. "சேர், இதுதானாம் ஆர்சனலின்ர பழைய கிரவுண்ட். இதிலதானாம் ஹென்றி கோல் அடிச்சவர்" என்றான். மற்றவர்கள் நம்பவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஆர்சனல் என்ற லண்டன் உதைபந்தாட்டக் கழகத்தையும் அதற்குக் கோல் அடித்த தியரி ஹென்றியையும் ரீவியில் பார்த்து வளர்ந்தவன் நான். 2006இல் ஹைபரியை விட்டுப் புது மைதானத்துக்குப் போனார்கள் என்பது தெரியும். ஆனால் 93 வருடம் ஆடிய இடத்தை, அதுவும் தோல்வியே காணாமல் ஒரு லீக் பருவத்தை முடித்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில், ஏன் விட்டார்கள் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. அந்தப் புல்தரைக்கு என்ன நடந்தது? அங்கே நேரில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பெடியளுக்குச் சரியான பதில் கொடுக்க வேண்டும்.

கொட்டடியான் எழுதியது:

தம்பி, படம் உண்மையானது. நான் 1988இலிருந்து 23 வருடம் லண்டனில் இருந்தேன். அதில் பாதிக் காலம் ஹொலோவே வீதிப் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை. ஹைபரிக்கு நடந்தே போகலாம். இப்போது ஊரில்தான் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் விட்டார்கள் என்பதற்கு முதலில் எப்படி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆர்சனல் வட லண்டன் கழகமே அல்ல. 1886இல் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே வூலிச்சில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கழகம் அது. அங்கே சனம் வரவில்லை, காசு இல்லை. 1913இல் ஹென்றி நொரிஸ் என்ற தலைவர் ஆற்றைத் தாண்டி ஹைபரிக்குக் கொண்டுவந்தார். பக்கத்துக் கழகமான டொட்டன்ஹாமும் அயலட்டைச் சனமும் எதிர்த்தும் அதைத் தடுக்க முடியவில்லை.

காணி ஒரு இறையியல் கல்லூரியின் விளையாட்டு மைதானம். 21 வருடக் குத்தகை, 20,000 பவுண். கல்லூரி நிபந்தனை போட்டது: பெரிய வெள்ளியிலும் நத்தாரிலும் ஆட்டம் கூடாது, மதுபானம் விற்கக் கூடாது. 1925இல் இன்னும் 64,000 பவுண் கொடுத்துக் காணியைச் சொந்தமாக வாங்கிய பிறகுதான் அந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. குத்தகைக் காணிக்கும் உறுதிக் காணிக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் ஊர்ச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகுதான் பெரிய கட்டட வேலைகளைத் துணிந்து தொடங்கினார்கள். 1932இல் மேற்கு அரங்கு, 1936இல் கிழக்கு அரங்கு. கிழக்கு அரங்கின் முகப்பைத் தெருவிலிருந்து பார்த்தால் அந்தக் காலத்துப் படமாளிகை போல இருக்கும். உள்ளே பளிங்கு மண்டபம் என்று பேர் பெற்ற வாசல். முகாமையாளர் ஹேர்பேர்ட் சாப்மன் நிலக்கீழ் ரயில் நிலையத்தின் பெயரையே 1932இல் ஆர்சனல் என்று மாற்றுவித்தார். உள்ளே சுவர் ஓடுகளில் பழைய பெயர் கில்லெஸ்பி ரோட் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை சித்தப்பாவை அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பெடியளுக்குப் பிடிக்கும்.

முதல் ஆட்டம் 1913 செப்டெம்பர் 6, லெஸ்டர் ஃபொஸ் அணிக்கு எதிராக. 2-1 வெற்றி. அரங்கு முழுதாகக் கட்டி முடியவில்லை. காயப்பட்ட வீரரைப் பால்காரரின் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள் என்று அங்கே கிழவர்கள் சொல்வார்கள். இன்னொரு கதையும் உண்டு. வடக்குப் பக்கத்து மேட்டுக்கு மண் கொட்டும்போது குதிரை ஒன்று குழியில் விழுந்து அங்கேயே புதைக்கப்பட்டதாம். அது கதைதான்.

1935இல் சண்டர்லண்ட் ஆட்டத்துக்கு 73,295 பேர் வந்தார்கள். ஹைபரியில் அதைத் தாண்டிய கூட்டம் பிறகு வரவேயில்லை. உலகப் போரில் மைதானம் வான்தாக்குதல் பாதுகாப்பு நிலையமானது. குண்டு விழுந்து வடக்குக் கூரை போனது. அந்த வருடங்களில் ஆர்சனல் எங்கே ஆடியது தெரியுமா? டொட்டன்ஹாமின் மைதானத்தில். வரவே கூடாது என்று எதிர்த்த அதே அயலவர் இடம் கொடுத்தார்கள்.

இனி உங்கள் கேள்வி. 1989இல் ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் 97 பேர் இறந்த பிறகு, பெரிய கழகங்கள் எல்லோருக்கும் கதிரை போட வேண்டும் என்று வந்தது. நான் முதன்முதலில் உள்ளே போனபோது வடக்குப் பக்கம் நின்றுதான் பார்த்தேன். அங்கே நின்று பார்த்த கடைசி ஆட்டம் 1992 மே 2. சவுத்ஹம்ப்டனை 5-1 என்று வென்றோம், இயன் ரைட் மூன்று கோல். இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் போனவன் நான். எனக்கு முன்னால் நின்ற ஐரிஷ்காரக் கிழவர், 40 வருடமாக அதே இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன் என்றார். ஆட்டம் முடிந்து வெகு நேரமாகியும் அவர் அந்தக் கம்பியை விடவில்லை.

அடுத்த பருவம் அந்தப் பக்கத்தை இடித்துக் கட்டும்போது, கட்டட வேலை வெளியே தெரியாமல் இருக்க, ரசிகர் கூட்டத்தை வரைந்த பெரிய திரையைக் கட்டினார்கள். அதில் கறுப்பு முகம் ஒன்றும் இல்லை என்ற பேச்சு எழும்பியது. பிறகு திருத்தி வரைந்தார்கள். கதிரை எல்லாம் போட்டு முடிய, மைதானம் கொள்ளும் அளவு 38,000 சொச்சத்துக்கு வந்துவிட்டது. 1998இலும் 1999இலும் ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்களை லண்டனின் பெரிய வெம்ப்ளி மைதானத்தில் வைத்துப் பார்த்தார்கள். 70,000க்கு மேல் சனம் வந்தது. வீட்டில் கொள்ளாத சனம் என்பது அப்போது கண்முன்னே தெரிந்தது.

பெருப்பிக்கலாம்தானே என்று கேட்பீர்கள். ஹைபரி எங்கள் முற்றவெளி போலத் திறந்த இடம் அல்ல. நாலு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். மேற்குப் பக்க வாசல் ஒன்று இரண்டு வீடுகளுக்கு இடையில்தான் இருந்தது. கிழக்கு அரங்கு பாதுகாக்கப்பட்ட கட்டடம், இடிக்க முடியாது. அயல் வீடுகளை இடிக்கச் சனம் விடவில்லை. அதுதான் சுமார் 500 மீற்றர் தள்ளி, அஷ்பேர்ட்டன் குரோவ் என்ற தொழிற்சாலைப் பகுதியில், 390 மில்லியன் பவுணில் 60,000 பேருக்குப் புதிதாகக் கட்டினார்கள்.

கடைசி ஆட்டம் 2006 மே 7, விகனுக்கு எதிராக. ஒரு கூட்டாளி தன் ரிக்கெற்றை எனக்குத் தந்தான். அந்த நன்றி இன்றைக்கும் உண்டு. ஒவ்வொரு கதிரையிலும் ரீசேட் வைத்திருந்தார்கள், எனக்குச் சிவப்பு. 4-2 வெற்றி, ஹென்றி மூன்று கோல். மூன்றாவது தண்ட உதை. அடித்துவிட்டு முழந்தாளில் இருந்து புல்லை முத்தமிட்டார். அந்த நேரம் அரங்கு எழுப்பிய சத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் அழுதார், நானும் அழுதேன். விட்டுவந்த வளவு ஒன்று எனக்கும் இருந்தது.

கதிரைகளை ரசிகர்களுக்கு விற்க இருந்தார்கள். அவற்றில் கட்மியம் என்ற நச்சு உலோகம் இருப்பது தெரியவந்து அது நடக்கவில்லை. தெற்குப் பக்க மணிக்கூட்டைப் புது அரங்குக்குக் கொண்டுபோனார்கள். கிழக்கு, மேற்கு அரங்குகளின் முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே தொடர்மாடி கட்டி, 2009இல் திறந்தார்கள். பெடியன் காட்டிய பூங்கா அந்தப் புல்தரை இருந்த அதே இடம். அதன்மேல் ஒரு வீடும் கட்டவில்லை. ஊருக்கு வர முன்னம் ஒருநாள் போய், கோல் கம்பம் எங்கே நின்றிருக்கும் என்று அடி வைத்து அளந்து பார்த்தேன்.

லண்டன் மருமகன் எழுதியது:

அண்ணை சொன்னது அவ்வளவும் சரி. நான் புது அரங்குக்குத்தான் போய் வருகிறேன், பழையதில் ஆட்டம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஒரு விஷயம் சேர்க்கிறேன்: புது மைதானக் கடனால் பல வருடங்கள் பெரிய வீரர்களை வாங்க முடியாமல் போனது. நகர்ந்தது சரியா என்று இங்கே இன்னும் வாக்குவாதப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், போயிருக்கத்தான் வேண்டும்.

பழைய பந்துக்காப்பாளர் எழுதியது:

குதிரைக் கதையை வாசித்துவிட்டு வெகு நேரம் சும்மா இருந்தேன். நான் துரையப்பா விளையாட்டரங்கில் ஆடியவன். கோட்டைக்குப் பக்கத்தில், நூலகத்திலிருந்து பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கும் எங்கள் மைதானம். 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலடியில் சுட்டுக் கொல்லப்பட்ட யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயரில் இருப்பது. போரில் பாழாய்க் கிடந்தது. 1999இல் திருத்த வேலைக்காகத் தோண்டியபோது அந்த மண்ணிலிருந்து மனித எலும்புகள் வந்தன. அது கதை இல்லை. யாருடைய பிள்ளைகள் என்று தேடி வந்த தாய்மாரை நான் மறக்கவில்லை.

இந்திய உதவியில் புதுப்பித்து 2016 ஜூன் 18இல் திறந்தார்கள். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரில் வந்தார், பிரதமர் மோடி டில்லியிலிருந்து காணொளியில் கலந்துகொண்டார். இப்போது 1,850 பேர் அளவில் இருந்து பார்க்கலாம். தம்பி, ஹைபரியைச் சொல்லிக் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்.

நாவாந்துறைப் பெடியன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பால்காரரின் வண்டியையும் ரயில் நிலையத்துப் பெயரையும் நாளைக்கே சொல்கிறேன். ஐயா, நீங்கள் எழுதியதை நான் சொல்வதைவிட நீங்களே சொன்னால் நல்லது. ஞாயிறு பின்னேரம் பதினாலு பெடியளையும் துரையப்பாவுக்குக் கூட்டி வருகிறேன். கொட்டடி அண்ணை, நீங்களும் வர வேண்டும். அந்தச் சிவப்பு ரீசேட் இன்னும் இருந்தால் கொண்டுவாருங்கள்.

கொட்டடியான் எழுதியது:

இருக்கிறது, பெட்டிக்குள்ளே. ஒருநாளும் போட்டதில்லை. நாலரைக்கு வாசலில் நிற்பேன்.